எங்கள் வீட்டு ஓட்டு

1

சென்ற செவ்வாய்க்கிழமை, 1932 நவம்பர் எட்டாம் தேதி, இங்கே தேர்தல். ஜனாதிபதியாக வந்தவர் யார், போகிறவர் யார் என்பதெல்லாம் நம் ஊர்ப் பத்திரிகைகளில் இதற்குள் வந்து பழசாகியிருக்கும். நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றியல்ல. ஒஹாயோ மாகாணத்தில் ஒரு சிற்றூரில், தீயணைக்கும் வண்டி நிற்கிற கொட்டகைக்கு வெளியே, தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற கதையைத்தான் எழுதப் போகிறேன்.

அந்தக் கொட்டகைதான் எங்கள் பகுதிக்கு ஓட்டுச்சாவடி. வாசலிலிருந்து நூறடி அளந்து இரண்டு பக்கமும் சின்னக் கொடி நட்டிருப்பார்கள். ஓட்டுப் போட வந்தவர்களைத் தவிர யாரும் கொடியைத் தாண்டி நிற்கக் கூடாது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் எனக்குத் தெரிந்தவர். கோடையில் எங்கள் தோட்டத்துத் தக்காளியைத் தின்றவர். "உங்களுக்கு ஓட்டு உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் கொடிக்கு அந்தப் பக்கம், தயவுசெய்து" என்றார். தென்காசியில் போலீஸ்காரர் வாயிலிருந்து 'தயவுசெய்து' வந்து நான் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றேன்.

இந்த ஊருக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்து, பம்பு செய்கிற தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்து, பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இந்தியாவில் பிறந்தவன் இந்த நாட்டுப் பிரஜையாக முடியாது என்று இங்குள்ள பெரிய கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. சரி, ஒரு தடவை ஊருக்கு வந்து அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றால், வெளியே போனவனை மறுபடி உள்ளே விடமாட்டார்கள். அம்மா போனபோதும் நான் வரவில்லை என்று ஊரில் பலருக்குக் கோபம். வரவில்லை அல்ல, வரமுடியவில்லை. இங்கே இருக்கலாம், உழைக்கலாம், வரி கட்டலாம். ஓட்டு மட்டும் கிடையாது. இதை யார் கிடைத்தாலும் பிடித்து வைத்துச் சொல்லிப் புலம்புவது என் வழக்கம். முடிவெட்டும் கடையில் என்னைக் கண்டதும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

2

என் மனைவியின் பெயர் மார்த்தா. கல்யாணச் செய்தியை எழுதியபோது, தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் அண்ணாச்சி, "மார்த்தான்னா பாளையங்கோட்டைப் பிள்ளையாலே, இல்ல நாசரேத்தா?" என்று பதில் போட்டார். இரண்டும் இல்லை. இந்த ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில் பிறந்தவள். அவள் அப்பாவும் தாத்தாவும் இந்த மண்ணில் சோளம் விதைத்தவர்கள். பெண்களுக்கு ஓட்டு வந்த முதல் வருஷமே புதுத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போட்டவள்.

அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டாள். போச்சு. பிரஜையாக முடியாத ஒருவனைக் கட்டிக்கொள்கிற அமெரிக்கப் பெண் அந்த நிமிஷமே தானும் பிரஜை இல்லை என்று அப்போது ஒரு சட்டம். கழுத்தில் தாலி ஏறினதும் பெண் புருஷன் வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுவது நம் பக்கத்தில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ராஜா இங்கிலாந்து ராஜா என்பதால் அவளுக்கும் அவரே ராஜாவாகிவிட்டார். அந்த மனிதரை அவள் நாணயத்தில்கூடப் பார்த்ததில்லை.

சென்ற வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள். இழந்தவர்கள் மனுப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மனு, போட்டோ, நன்னடத்தைக்கு இரண்டு சாட்சி, அதற்கு மேல் ஒரு பரீட்சை. இந்தத் தேசத்தில் சர்க்கார் எப்படி நடக்கிறது என்று அதிகாரி ஒருவர் கேள்வி கேட்பார். பரீட்சை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் இருந்த தென்காசிப் பள்ளிக்கூடத்துப் பையன் விழித்துக்கொண்டான். அரசியல் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை உருப்போட்டேன். அவள் பட்டாணி உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன்.

"செனட்டருக்கு எத்தனை வருஷம்?"

"ஆறு. உங்களுக்கு வேற வேலை இல்லியா?"

மார்த்தா பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் அவள் கோபித்துக்கொண்டால் என் காதில் அது தென்காசிப் பேச்சாகத்தான் விழுகிறது, விழுந்தபடியே எழுதுகிறேன். இங்கிலீஷில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே வார்த்தை என்பதால் 'நீ' என்று எழுதுவதா 'நீங்க' என்று எழுதுவதா என்பது என் கையில் இருக்கிறது. ஊரில் என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள 'நீங்க' என்றே எழுதுகிறேன்.

பரீட்சையன்று அதிகாரி, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் 'ஜனங்கள்' என்பார்கள். மார்த்தா, ஜனங்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை, ஒவ்வொரு மாகாணமும் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கூடித்தான் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று விளக்கியிருக்கிறாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை யார் சொல்லிக்கொடுத்தது என்றாராம். "இந்த நாட்டுப் பிரஜையா ஆக முடியாத ஒருத்தரு" என்றாளாம் இவள்.

பிறகு நீதிபதி முன்னால் கையைத் தூக்கி, இங்கிலாந்து ராஜாவுக்கும் தனக்கும் இனி சம்பந்தமில்லை என்று சத்தியம் செய்தாள். அதே மாதம்தான், தென்காசியில் எங்கள் தெருவில் ஒருவர் ராஜா வேண்டாம் என்று சொன்னதற்காக ஜெயிலுக்குப் போயிருப்பதாக அண்ணாச்சி எழுதியிருந்தார். இங்கே நீதிபதி எழுந்து வந்து கைகுலுக்கினார்.

சாட்சி சொல்ல வந்த இருவரில் ஒருவர் இரும்புக்கடைக்கார வில்கின்ஸ். கடையைப் பூட்டிவிட்டுத் தன் காரிலேயே எங்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார். வியாபாரம் படுத்துக் கிடக்கிற காலத்தில் அப்படிச் செய்வதற்கு மனசு வேண்டும். அதை நான் மறக்கவில்லை. பின்னால் வந்த வம்புக்கெல்லாம் காரணம் நான் அதை மறக்காததுதான்.

3

இந்தத் தேசத்தில் எதற்கெல்லாம் தேர்தல் என்று கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஜனாதிபதி, கவர்னர் சரி. நீதிபதிக்குத் தேர்தல். போலீஸ் தலைவருக்குத் தேர்தல். பணப்பெட்டியைக் காக்கிற பொக்கிஷதாருக்குத் தேர்தல். சந்தேகமாகச் செத்தவரின் உடலைப் பார்த்துக் காரணம் சொல்கிற அதிகாரிக்குக்கூடத் தேர்தல். அவர் வந்து கையைக் குலுக்கி, "என்னை மறந்துவிடாதீர்கள்" என்று சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நம் வில்கின்ஸ் நின்றது பத்திரப் பதிவு அதிகாரி பதவிக்கு. தென்காசியில் சப் ரிஜிஸ்திராரைப் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் அவர் வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டும். இங்கே அவர் நம் வாசலில் வந்து நிற்கிறார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு. இதற்காகவே இந்தத் தேசத்தை மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஓட்டுச் சீட்டு படுக்கை விரிப்பு மாதிரி இருக்கும். ஒரு கட்சிக்குத் தலைப்பில் சேவல், இன்னொன்றுக்குக் கழுகு. சேவலின் கீழே இருக்கிற வட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டால் சேவல் கட்சி ஆட்கள் அத்தனை பேருக்கும் ஓட்டு விழுந்துவிடும். பொறுமை உள்ளவர்கள் வட்டத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்துக் குறி போடலாம். மார்த்தாவுக்குப் பொறுமை உண்டு. வில்கின்ஸ் கழுகுக் கட்சி. ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடப்பதற்குக் கழுகு சர்க்கார்தான் காரணம் என்று அந்தக் கட்சியின்மேல் ஜனங்களுக்குக் கடுங்கோபம். எங்கள் தொழிற்சாலையே வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது.

எங்கள் மகள் உலகம்மாளுக்கு ஏழு வயது. எங்கள் ஊர்க் காசி விசுவநாதர் கோயில் அம்மன் பெயர் என்று ஆசையாக வைத்தேன். பள்ளிக்கூடத்தில் அதை 'யூலா' ஆக்கிவிட்டார்கள். அப்படி ஒரு பெயர் இங்கே வழக்கத்தில் இருக்கிறதாம். இப்போது உலகம்மா என்று கூப்பிட்டால் பின்னால் திரும்பி யாரைக் கூப்பிடுகிறேன் என்று பார்க்கிறாள். சட்டையில் ஒரு பக்கம் சேவல் பொத்தானும் மறுபக்கம் கழுகுப் பொத்தானும் குத்திக்கொண்டு திரிந்தாள். எந்தக் கட்சி என்று கேட்டால், "ரெண்டும் பளபளன்னு இருக்குல்லா" என்றாள். ஊரிலேயே தெளிவாகப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

4

இவ்வளவு கெஞ்சியும் இங்கே பாதிப் பேர் ஓட்டுப் போட வருவதில்லை என்பது அதைவிட வேடிக்கை. மழை வந்தால் வரமாட்டார்கள். வெயில் அடித்தால் முயல் வேட்டைக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குக் கார் அனுப்பிக் கூப்பிட்டால், காரில் ஏறிக் கடைத்தெருவில் இறங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. இதையெல்லாம் அண்ணாச்சிக்கு எழுதினேன். அவர் பதிலுக்கு ஒரு கதை எழுதினார்.

தாலுகா போர்டுத் தேர்தலுக்குச் சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் ஒரு பெரிய நிலக்காரர் நின்றாராம். வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு, ஆட்களே கொஞ்சம். எதிராளி கொண்டுபோய்விடக் கூடாதென்று, தன் பக்கத்து ஓட்டர்களை வண்டி கட்டி முன்கூட்டியே குற்றாலத்துக்கு ஏற்றிவிட்டார். ஐந்தருவிப் பக்கம் ஒரு பங்களா. சாரல் காலம். காலையில் எண்ணெய் தேய்த்து அருவிக் குளியல், மத்தியானம் ஆட்டுக்கறிச் சாப்பாடு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் மறுபடி குளியல். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணாச்சிக்கு.

ஓட்டு நாளன்று விடியும்போதே வண்டிகள் வந்து நின்றுவிட்டன. ஓட்டர்கள் அருவியிலிருந்து வெளியே வரவில்லை. அண்ணாச்சி கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்.

"ஏ, நேரமாவுதுல்லா! வண்டி நிக்கிது!"

"அண்ணாச்சி, இன்னைக்குத்தாம் தண்ணி நல்லா விழுது" என்றாராம் ஒரு ஓட்டர், தலையை அருவிக்குள் கொடுத்துக்கொண்டே. "ஓட்டு எங்கன போயிரப் போவுது?"

"ஒருத்தனக் கரையேத்துனா இன்னொருத்தன் உள்ள போறாம்லே" என்று எழுதியிருந்தார் அண்ணாச்சி. நிலக்காரர் தோற்றார். தோற்றதைவிட, ஜெயித்தவரும் மறுநாள் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லையாம்.

நான் சிரித்த சிரிப்பு இது மட்டும்தான் இந்த வருஷம். மார்த்தாவுக்குப் படித்துச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "இருக்கிறவங்களுக்கு அதோட அருமை தெரியுதா பாருங்க" என்றாள்.

5

அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை வில்கின்ஸ் எங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். மார்த்தா அடுக்களையில் ஆப்பிள் வேகவைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நான்தான் வரவேற்று உட்காரவைத்தேன்.

நம் ஊரில் இதற்கு ஒரு முறை இருப்பது உங்களுக்குத் தெரியும். வேட்பாளர் வீட்டுப் பெரியவரைப் பார்த்து வணங்குவார். பெரியவர் வெற்றிலைத் தட்டை நீட்டுவார். அவர் ஒரு வெற்றிலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டால் பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் எத்தனை ஓட்டு உண்டோ அத்தனையும் அவருக்கு. அதற்கப்புறம் மாறினால் கடைத்தெருவில் தலை காட்ட முடியாது. இங்கே வெற்றிலைக்கு நான் எங்கே போவேன்? ஒரு தட்டில் நாலு ஆப்பிள் பழத்தை அடுக்கி நீட்டினேன். வில்கின்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். முடிந்தது காரியம் என்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்கள் வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான்" என்றேன்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஓட்டு.

வில்கின்ஸ் கடித்ததை விழுங்கிவிட்டு, "மிக்க மகிழ்ச்சி. ஆனாலும் உங்கள் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா?" என்றார். "என்னத்துக்கு? நான் சொல்லியாச்சு" என்றேன். அவர் பார்வை அடுக்களை ஜன்னல் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதி ஆப்பிள் கையிலேயே இருந்தது.

உள்ளே போனேன். மார்த்தா அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு ஓட்ட யாரு கொடுத்தா?"

"நமக்காகக் கோர்ட்டுக்கு வந்த மனுஷன், மார்த்தா. வாசல்ல வந்து கேட்டாரு. வீட்டு ஆம்பிள வேற என்ன சொல்லுவான்?"

"ஒரு தடவ உங்களால என் ஓட்டுப் போச்சு. அதுக்கு நான் ஒரு நாளாவது வருத்தப்பட்டேனா? இல்ல. தெரிஞ்சுதான் உங்களக் கட்டினேன். இப்ப திரும்பி வந்திருக்கு. ரெண்டாந்தடவையும் உங்களாலயே போவணுமா?"

நானும் விடவில்லை. நன்றி என்று ஒன்று உண்டா இல்லையா என்று கேட்டேன். கொடுத்த வாக்கு என்று ஒன்று உண்டா இல்லையா என்று கேட்டேன். எதிர்வீட்டைக் காட்டினேன். அந்த வீட்டில் புருஷன் சேவல், பெண்சாதி கழுகு. இரண்டு பேரும் ஒரே காரில் போய் ஒருவர் ஓட்டை ஒருவர் அடித்துவிட்டு, ஒரே காரில் திரும்பி வருகிறார்கள். வீட்டிலேயே இருந்தால் பெட்ரோலாவது மிச்சமாகும் அல்லவா? இப்படி ஒரு குடும்பமா என்று கேட்டேன். "ஆமா, அப்படி ஒரு குடும்பம்தான்" என்றாள் மார்த்தா. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க எனக்கு ஆறின கஞ்சிதான் கிடைத்தது. நான் பேசியது இத்தனையும் நியாயம் என்றே அன்றைக்கு நினைத்தேன். அந்த ஆறின கஞ்சியைக் குடிக்கும்போதும் அப்படித்தான் நினைத்தேன்.

6

தேர்தலன்று மார்த்தா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். யூலாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் குடையுடன் நான் கூடப் போனேன். கொடிவரை போய் நின்றோம். அவள் மட்டும் உள்ளே போனாள்.

எங்கள் தொழிற்சாலையில் இரும்பு வார்க்கிற கறுப்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையுடன் வந்து என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். தெற்கே அவர் பிறந்த ஊரில் அவருடைய அப்பா ஓட்டுக்குப் பதிவுசெய்யப் போனாராம். ஒரு சட்டப் புத்தகத்தைக் கொடுத்து வாசி என்றார்களாம், வாசித்தார். அர்த்தம் சொல் என்றார்களாம், சொன்னார். அது தப்பு என்று அனுப்பிவிட்டார்களாம். எது சரி என்று கடைசிவரை சொல்லவில்லையாம். என் புலம்பலை முழுவதும் கேட்டுவிட்டு, மெதுவாக இதைச் சொன்னவர் அவர். அன்றிலிருந்து அவரிடம் மட்டும் நான் புலம்புவதில்லை.

"அம்மா உள்ள என்ன செய்யுதா?" என்று யூலா கேட்டாள்.

"திரைக்குப் பின்னால நின்னு குறி போடுதா."

"யாருக்கு?"

"யாருக்கும் தெரியக் கூடாது."

"உங்களுக்குமா?"

குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன். மழை கொஞ்சம் வலுத்தது. மார்த்தா வெளியே வர வெகுநேரமாயிற்று. வட்டத்தில் ஒரே குறியைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் சட்டென்று வந்துவிடுவார்கள். அவள் ஒவ்வொரு பெயராகப் படித்துப் போடுகிறாள் என்று தெரிந்தது. கடைசியில் வந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி. என் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டு, அவளே எங்கள் மூவருக்கும் பிடித்தாள். கல்யாணமான வருஷத்திற்குப் பிறகு அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

வீடுவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. தென்காசிக்காரன் ஒருவன் இந்த விஷயத்தைக் கேட்காமல் அத்தனை தூரம் நடந்தான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

7

கழுகுக்கு இறகுகூட மிஞ்சவில்லை. வில்கின்ஸும் தோற்றார், கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் அல்ல.

நேற்று மாலை அவர் வந்தார். தனக்கு ஆதரவு சொன்ன வீடுகளுக்கெல்லாம் போய் நன்றி சொல்லி வருகிறாராம். தோற்றவர் வீடுவீடாக வந்து நன்றி சொல்வதை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நான் செய்ததைப் போலவே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்கள் வீட்டு ஓட்டுக்கு நன்றி" என்றார். மார்த்தா அவருக்குக் காப்பி கொடுத்தாள். கடை எப்படி நடக்கிறது என்று அன்பாக விசாரித்தாள். போகும்போது ஒரு பாட்டில் ஆப்பிள் ஜாமும் கொடுத்தனுப்பினாள்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இவ்வளவு அன்பாக இருக்கிறவள் அவருக்குத்தான் போட்டிருப்பாள், என் வாக்கும் நின்றுவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, "பார்த்தியா? எவ்வளவு நல்ல மனுஷன்! நம்ம ஓட்டு வீண்போகல" என்றேன்.

"நான் அவருக்குப் போடல" என்றாள் மார்த்தா.

"எதிராளிக்கா போட்ட?" என்றேன்.

"அவருக்கும் போடல. மத்த எல்லாத்துக்கும் போட்டேன். அந்த ஒரு இடத்த மட்டும் சும்மா விட்டுட்டேன்."

"ஏன்?"

காப்பிக் கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"கோர்ட்டுல அவரு எனக்காக எந்திரிச்சு நின்னாரு பாருங்க, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த மனுஷனுக்குத்தாம் என் ஓட்டுன்னு. உங்ககிட்ட சொல்லல. அவரு வாசலுக்கு வரும்போது நானே சொல்லணும்னு வச்சிருந்தேன். நீங்க எடுத்துக் கொடுத்துட்டீங்க. அதுக்கப்புறம் நான் போட்டா அது நீங்க கொடுத்தது. மாத்திப் போட்டா, எனக்காக வந்த மனுஷனுக்குத் துரோகம். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?"

கோப்பைகளோடு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் வாசல் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வில்கின்ஸ் பிடித்த கை இன்னும் சூடாக இருக்கிற மாதிரி இருந்தது. எனக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லை என்று கண்டவரிடமெல்லாம் பதினாறு வருஷமாக நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தத் தேர்தலில் எங்கள் வீட்டில் ஒருத்தியை மனசுக்குப் பிடித்தவருக்கு ஓட்டுப் போடவிடாமல் செய்தது கோர்ட்டும் இல்லை, சட்டமும் இல்லை, நான்.